பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுமா? சேகரிப்போர் அறிய வேண்டியவை

மும்பை: தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று குடும்பப் பெருமையா, குற்ற வழக்கா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அது சுடுமா, சுடாதா என்பதே தீர்மானிக்கிறது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால், பழுது நீக்கினாலும் சுட இயலாத நிலையில் அவை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துருவேறிய பொறியைக் கைதேர்ந்த கொல்லர் ஒருவர் சரிசெய்துவிட முடியுமானால், விலக்கு கோர முடியாது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறைத் தண்டனை கிடைக்கும்.

மும்பையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் உள்ளது. விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பரம்பரையாக வந்தவற்றையும் சேர்த்து ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய தடைதான். கர்நாடகத்தின் குடகில் மட்டும் நிலைமை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆங்கிலேயர் காலம் முதல் இருந்துவரும் உரிம விலக்கை 2029 வரை மத்திய அரசு நீட்டித்துள்ளது.

இத்துப்பாக்கிகளின் காலத்துக்குச் சாட்சி தாராவியிலேயே உள்ளது. மித்தி ஆற்றை ஒட்டிய காலா கில்லா, ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு தெரிவிக்கிறது. அதே ஆண்டு மராத்தியர் தாணேயைக் கைப்பற்றினர். 1739-இல் வசைக் கோட்டையும் அவர்கள் வசமானது. திரியால் பற்றவைக்கும் துப்பாக்கிகளும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளும் புழங்கிய காலம் அது. ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக்குக் குழல் விட்டம் சுமார் 0.75 அங்குலம், 100 கெஜத்தைத் தாண்டினால் குறி தவறுவதே வழக்கம்.

இவற்றில் குழலின் வாய் வழியாகவே கருமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். கருமருந்து என்பது ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. இன்றைய புகையில்லா மருந்தை இதற்குப் பதிலாக இட்டால் குழலே வெடித்துச் சிதறும். சுட்டபின் படியும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால் வெந்நீரில் கழுவித் துடைப்பது கட்டாயம்.

பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முதலில் அஞ்ச வேண்டியது உள்ளே தங்கிய மருந்தைத்தான். பல தலைமுறைக்கு முன் கெட்டித்தது அப்படியே இருக்கலாம். ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெல்ல இறக்கி, அந்த நீளத்தை வெளியே வைத்து ஒப்பிட்டால், அடியில் ஏதேனும் அடைந்திருப்பது தெரிந்துவிடும். சந்தேகம் எழுந்தால் கைவைக்காமல் காவல்துறைக்குத் தகவல் தெரிவிப்பதே முறை.

சுட்டுப் பார்க்கும் ஆர்வமுள்ளோர் வெளிநாடுகளில் பெரும்பாலும் புதிதாக வார்த்த மாதிரிகளையே பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் சுடக்கூடிய மாதிரிக்கும் உரிமம் தேவை; கருமருந்து 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது.

நூறாண்டு கடந்த துப்பாக்கி, 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகவும் கருதப்படலாம். அத்தகையவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவரிடம் அதற்கான உரிமம் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் பார்த்துப் பழக, சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடம் நல்ல தொடக்கம். வீட்டில் ஏற்கெனவே உரிமமில்லாத துப்பாக்கி இருந்தால், ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.