கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

இயற்பியல் பயிலும் மாணவர்களுக்குத் தகைவு என்னும் சொல் புதியதன்று. ஓரலகுப் பரப்பின்மீது செயற்படும் விசையே தகைவு. ஆங்கிலத்தில் இதே சொல்லையே மனத்தின் நெருக்கடிக்கும் வழங்குகிறார்கள். தமிழில் அதை மன அழுத்தம் என்கிறோம். கம்பியின் தகைவை அளந்துவிடலாம். மனத்தின் அழுத்தத்தை அளக்க முடியுமா?

பச்சிளங்குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்காக, மார்கரெட் மைல்ஸ் என்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1993-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். ஒவ்வொரு வினாவுக்கும் பெற்றோர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். வினாக்கள் மூன்று வகைப்படும்: அங்குள்ள காட்சிகளும் ஒலிகளும், குழந்தையின் தோற்றமும் நடத்தையும், தாய் தந்தை என்ற பங்கை இழத்தல். இதைப் பயன்படுத்திய பல ஆய்வுகளில் மூன்றாவது வகையே மிகுந்த மதிப்பெண் பெற்றது. கருவிகளின் ஓசையைவிட, 'என் குழந்தையை என்னால் தூக்க முடியவில்லையே' என்ற ஏக்கமே பெரிய சுமை.

எண்ணும் மணியோசையும்

குழந்தையின் பாதத்தில் சிறு விளக்கொன்றைக் கட்டியிருப்பார்கள். அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் பாதத்தினூடே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகவும் உட்கவரும். ஆக்சிஜன் இழந்தது இதற்கு மாறானது. நாடித்துடிப்போடு மாறும் ஒளியளவைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கருவி கணக்கிடுகிறது. ஜப்பானியப் பொறியியலார் தகுவோ அஓயாகி 1974-இல் வெளியிட்ட கருத்து இது.

திரையில் 92 என்று தெரிந்தால், '100 இல்லையே' என்று பெற்றோர் பதறுவர். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது மருத்துவர்கள் பொதுவாக 90-க்கும் 95-க்கும் இடையிலேயே நிறுத்தப் பார்ப்பார்கள். மிகுந்த ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுத்துவிடும். குழந்தை காலை உதைத்தாலும் எச்சரிக்கை மணி ஒலிக்கும். இதை முன்பே யாரேனும் விளக்கினால் ஒரு தாயின் எத்தனை இரவுகள் அமைதியாகக் கழியும்!

பெட்டி எதற்கு?

ஒரு குவளை வெந்நீர், ஓர் அண்டா வெந்நீரைவிட விரைவில் ஆறிவிடுகிறது. பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் கனஅளவை நோக்கப் பரப்பு கூடும். வெப்பமும் விரைந்து வெளியேறும். 37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குத் தோலடிக் கொழுப்பும் குறைவு. எனவேதான் 1880 வாக்கில் பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவர் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு இன்குபேட்டரை அமைத்தார். உயிர்கள் பிழைத்தன, ஆனால் தாய்க்கும் சேய்க்கும் இடையே ஒரு கண்ணாடி வந்துவிட்டது.

தாயே பெட்டியானால்?

1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவமனையில் போதிய இன்குபேட்டர்கள் இல்லை. எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்துக் கட்டச் செய்தார். 37 டிகிரி செல்சியஸ் அளவிலுள்ள தாயின் உடலிலிருந்து வெப்பம் கடத்தல் முறையில் சேய்க்குச் செல்கிறது. இதுவே கங்காரு முறை.

கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் கட்டிலிட்டு, பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கினர். குழந்தைகளின் எடை 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை. உடல்நிலை சீரானபின் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 15.7 விழுக்காடு, உடனே தொடங்கிய பிரிவில் 12 விழுக்காடு. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. இழந்த பங்கு தாய்க்குத் திரும்புகிறது. அவள் பார்வையாளர் அல்லள், சிகிச்சையின் ஒரு பகுதி.

விசை மாறாதிருக்க, தாங்கும் பரப்பு விரிந்தால் தகைவு குறையும் என்பதை நாம் அறிவோம். தந்தையும் பாட்டியும்கூடக் குழந்தையை மார்பில் ஏந்தலாம். உங்கள் உறவினர் குழந்தை அப்பிரிவில் இருந்தால், அந்தத் தாய் சற்றே உறங்க வழிசெய்யுங்கள். ஐயங்களை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தாய்க்கும் மருத்துவம் தேவை என்பதை மறவாதீர்கள்.