நாரா, இழையா?

"சார், கடற்கரையில் 'ஃபைபர் படகு' என்கிறார்கள். இணையத்துக்கு 'ஃபைபர் கேபிள்' போடுகிறார்கள். மருத்துவரோ ஃபைபர் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறார். எல்லாம் ஒரே பொருள்தானா?" வகுப்பில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டார். உங்களுக்கும் இந்த ஐயம் எழுந்திருக்கலாம் அல்லவா?

படகிலும் கேபிளிலும் ஃபைபர் என்பது ஒரு பொருளைக் குறிப்பதன்று, வடிவத்தைக் குறிப்பது. தடிப்பைவிட நீளம் பன்மடங்கு மிகுந்ததே ஃபைபர். தமிழில் முரடானதை நார் என்றும் மெல்லியதை இழை என்றும் வழங்குகிறோம். பருத்தி இழையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50-ல் ஒரு பங்குதான்!

எளிதில் உடையும் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழையாக இழுத்தால் அதன் வலிமை பன்மடங்கு பெருகுகிறது. காரணம் என்ன? கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் உண்டு. அதை இழுக்கும்போது விரிசல் முனையில் தகைவு குவிந்து கண்ணாடி உடைகிறது. மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமேது? இதை 1920-இல் ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித். இத்தகைய இழைகளைப் பிசினில் பதித்துச் செய்வதே ஃபைபர் படகு.

கேபிளில் இருப்பதும் கண்ணாடி இழைதான், தடிப்பு 0.125 மில்லிமீட்டர். ஆனால் அதன் வேலை வேறு. இழையின் உள்ளகத்துக்கு ஒளிவிலகல் எண் சற்று அதிகம். எனவே உள்ளே புகுந்த ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து, இழை வளைந்தாலும் வெளியேறாமல் செல்கிறது. கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966-இல் காட்டிய சார்லஸ் காவ், 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

உணவுக்கு வரும்போது சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இங்கே வடிவம் கணக்கில்லை. நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடையும் தாவரப் பகுதிகளே நார்ச்சத்து எனப்படுகின்றன. வாழைத்தண்டை நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே, அந்த நார் மட்டுமே நார்ச்சத்து என்று எண்ணிவிடாதீர்கள். கொய்யாப் பழத்திலுள்ள பெக்டின் நீரில் கரைந்து கூழ்போல் ஆகும். அதில் நாரும் தெரியாது, இழையும் தெரியாது. ஆயினும் அதுவும் நார்ச்சத்தே! பழத்தைச் சாறாக வடித்துச் சக்கையை எறிந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எனவே, இனி 'ஃபைபர்' என்ற சொல்லைக் கேட்டால், வடிவத்தைச் சொல்கிறார்களா, செரிமானத்தைச் சொல்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.