ஆன்டெனாவை அளக்குமுன்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோ அன்பர்கள் வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். அத்தகைய நேரத்தில் ஆன்டெனாவைச் சோதித்துக்கொண்டிருக்க முடியுமா? ஆகவேதான் ஆண்டுதோறும் புனேயில் ஜூன் மழைக்கு முன்பே என் மொட்டைமாடி ஆன்டெனாவை அளந்துவிடுகிறேன்.

இதற்கு உதவுவது ‘நானோ வி.என்.ஏ.’ என்ற கையடக்கக் கருவி. ஆன்டெனாவுக்குச் சிறு அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம். 3 என்றால் 25 சதவீதம்!

ஆனால் கருவி உண்மை சொல்ல, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். 144–146 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு 140 முதல் 150 வரை எல்லை வைக்கிறேன். பிறகு ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு என்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பதிவு செய்கிறேன். கருவியின் வாயில் அல்ல, ஆன்டெனா சேரும் கேபிள் நுனியில். இல்லையேல் கேபிளின் குணமும் கணக்கில் கலந்துவிடும். எல்லையை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து செய்வதே நல்லது.

நம் ஊருக்கு வடக்கே கோடத்தில் உள்ள ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியின் 45 மீட்டர் தட்டுகள் 30-ஐயும், பலம் தெரிந்த ஒரு வான்பொருளைப் பார்க்கச் செய்தே சரிபார்க்கிறார்கள். நமக்கு அந்த வான்பொருள், 50 ஓம் லோடுதான். உரிமம் உள்ள அன்பர்களே, மழைக்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள்.