பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்! பழைய லேத் வாங்கும் டர்னர்கள் உஷார்

கோவை:

"எத்தனை வருஷம்தான் அடுத்தவன் பட்டறையில நின்னுட்டே இருக்கறது? சொந்தமா ஒரு லேத் போட்டுறணும்!"

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பகுதி டீக்கடை பெஞ்சுகளில் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் கிடையாது. டர்னர் வேலை கற்ற ஒவ்வொரு வாலிபருக்கும் இந்த ஆசை உண்டு. புது லேத் விலை எட்டாது. எனவே மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அந்தப் பணம் புரோக்கர் கைக்குப் போகிறது. பழைய லேத் ஒன்று வீட்டு வாசல் ஷெட்டுக்கு வந்து சேர்கிறது.

அதன் பிறகுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறுகிறது. கடைந்த ஷாப்ட் ஒரு முனையில் பெருத்து, மறுமுனையில் சிறுத்து நிற்கும். ஜாப் கொடுத்த கம்பெனி 'ரிஜக்ட்' என்று திருப்பி அனுப்பும். கூலி போவதோடு நிற்காது. கெட்டுப்போன இரும்புக்கும் டர்னர்தான் காசு அழ வேண்டும். இந்தப் பக்கம் நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரே ராத்திரியில் 'புதுசு'

பழைய லேத்துகள் பல வழிகளில் சந்தைக்கு வருகின்றன. பெரிய தொழிற்சாலைகள் சி.என்.சி. எந்திரத்துக்கு மாறும்போது கையால் ஓட்டும் லேத்தை தள்ளி விடுகின்றன. கடன் கட்ட முடியாமல் பட்டறையை மூடுபவர்களும் விற்கிறார்கள். 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கும், 2022 செப்டம்பரில் உயர்ந்த மின் கட்டணமும் கோவையின் சிறு பட்டறைகளைப் படுத்திய பாடு ஊரறிந்தது.

கோவையிலேயே தயாரான பி.எஸ்.ஜி., பெங்களூர் எச்.எம்.டி., கிர்லோஸ்கர் என்று பேர் போன லேத்துகளும் இதில் உண்டு. நல்ல லேத்துகள்தான். ஆனால் மூன்று ஷிப்டு ஓடிய லேத்தின் தேய்மானத்தை பேரை வைத்து மறைக்க முடியுமா?

பேர் மறைக்காததை பெயிண்ட் மறைத்து விடும். ஒரே ராத்திரியில் பச்சை பெயிண்ட் அடித்து, பெட்டை எமரி தாளால் தேய்த்து பளபளப்பாக்கி விடுவார்கள். ஹெட் ஸ்டாக்கில் பல்சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டால் உள்ளே கெட்டியான கியர் ஆயிலை ஊற்றி விடுவார்கள். சத்தம் அடங்கி விடும்.

"தம்பி, ஒரே ஓனர் மிஷினுங்க. பெட்டு கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க" என்பார் புரோக்கர்.

கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதுதான் முதல் சந்தேகம்!

வாசல்படி தேய்வது போல...

லேத்தின் உயிர் அதன் பெட்டில்தான் இருக்கிறது. சின்ன ஜாப்கள் எல்லாம் சக்குக்குப் பக்கத்திலேயே கடையப்படுவதால் சாடில் அந்த ஒன்றரை அடிக்குள்ளேயே வருடக்கணக்கில் போய் வருகிறது. பழைய வீட்டு வாசல்படி நடுவில் மட்டும் குழிவது போல, பெட் அந்த இடத்தில் மட்டும் தேய்கிறது. டெயில் ஸ்டாக் பக்கம் அப்படியே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு தேவையில்லை. சாடிலை சக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பிடிப்பை லேசாக இறுக்க வேண்டும். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்ட வேண்டும். போகப் போக இறுகி, ஓரிடத்தில் நின்றே விட்டால் பெட் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். சாடில் உரசாத ஓரத்தை நகத்தால் தடவினாலும் போதும். சின்ன படி போல நகத்தில் தட்டும். எந்தப் பெயிண்டும் இதை மறைக்காது.

தேய்ந்த பெட்டை கிரைண்டிங் செய்யலாம். அதற்கு லேத்தையே கழற்றி, பெட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் லாபமாகத் தெரிந்த விலை எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

'கரண்ட் இல்லீங்க'

சும்மா சுற்றுகிற லேத்தைப் பார்த்து பணம் கொடுக்கவே கூடாது. அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட விட்டு ஹெட் ஸ்டாக்கில் கையை வைக்க வேண்டும். வெதுவெதுப்பு இருக்கலாம். கை பொறுக்காத சூடு என்றால் பேரிங்கில் கோளாறு.

அடுத்தது கடைசல். டெயில் ஸ்டாக் சென்டர் கொடுக்காமல், தடிமனான ராடு ஒன்றை 6 அங்குலம் வெளியே நீட்டி சக்கில் பிடித்து, லேசாக ஒரு கட் எடுக்க வேண்டும். இரண்டு முனையையும் மைக்ரோ மீட்டரால் அளக்க வேண்டும். மில்லி மீட்டரில் 100-ல் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசம் என்றால் பொறுத்துக் கொள்ளலாம். 10-ல் ஒரு பங்கு வந்தால் ஏன் என்று கேட்காமல் விடக்கூடாது. தரை சமமில்லாமல் பெட் முறுக்கிக்கொண்டாலும் இப்படி வரும் என்பதால், சமமாக்கி இன்னொரு கட் எடுத்துப் பார்ப்பது நியாயம்.

"இங்கே கரண்ட் இல்லீங்க, கொண்டு போய் ஓட்டிப் பாருங்க" என்று சொன்னால்? வந்த பஸ்சிலேயே திரும்பி விடலாம்!

அதே நேரம் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கொஞ்சம் 'பிளே' இருந்தால் ஒரு நட்டு மாற்றினால் தீர்ந்தது. அதைக் காட்டி விலையையும் குறைக்கலாம். நூல் வெட்டும் கியர் செட், நாலு தாடை சக், ஸ்டெடி எல்லாம் கூட வருகிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. பிறகு தனித்தனியாக வாங்கினால் பர்ஸ் கிழியும். மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டு ஒருமுனை இணைப்பில் அதை அப்படியே ஓட்ட முடியாது.

பில் எங்கே?

போலீஸ் வரை போகிற விவகாரமும் இதில் உண்டு. லேத் யாருடையது? பாங்கி கடனுக்கு ஈடாக இருக்கிறதா? பழைய பில் இருக்கிறதா? "அதெல்லாம் எதுக்குங்க" என்றால் அங்கேயே கை கழுவி விடுவது நல்லது.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால் 3 ஆண்டு வரை ஜெயில். முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு. பணத்தை பாங்கி மூலம் கொடுத்து, விற்றவரின் கையெழுத்துடன் ரசீது வாங்க வேண்டும்.

கடைசியில் லேத்தை ஏற்றும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹெட் ஸ்டாக் பக்கம் கனம் அதிகம். கொஞ்சம் சாய்ந்தாலும் குப்புற விழும். அவசரத்தில் லீட் ஸ்குரூவோடு சேர்த்து கயிறு கட்டித் தூக்கினால் அது வளைந்து விடும். பெட்டுக்கு அடியில் பெல்ட் போட்டு, செயின் பிளாக்கில் மெல்லத் தூக்கத் தெரிந்த ஆட்களுக்கு கூலி கூடத்தான் ஆகும். கொடுத்து விடலாம்.