மூத்திரப் பைக்குள்ளே ஒரு மரக்காணம்

திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு மரக்காணம் உப்பளத்தைக் காட்டத் தேவையில்லை. ஆனால் அவரவர் முதுகுப் பக்கமே இரண்டு உப்பளம் ராப்பகலாக ஓடுவது தெரியுமோ? சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதிலிருக்கும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பத்திரமாக ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் சொச்சம்தான் வெளியே.

இந்தக் கணக்கு தாறுமாறாகும் இடம் இதய வார்டு. அனந்தபுரத்திலிருந்து ஒரு பெரியவரை நடுராத்திரியில் 108-இல் ஏற்றி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணற, சிறுநீரகமோ உடம்பில் தண்ணீரே இல்லை என்று தப்பாக நினைத்து உப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உப்பு தங்கினால் தண்ணீரும் தங்கும். இரண்டையும் விரட்டத்தான் நரம்பில் லேசிக்ஸ் ஊசி.

ஊசி கேட்கிறதா இல்லையா? மூத்திரப் பையில் எத்தனை மில்லி, காலையில் எடை எவ்வளவு என்று பார்ப்பது பழைய வழக்கம். (நிற்கவே முடியாதவரை எடை மெஷின்மேல் ஏற்றுவது தனிக் கூத்து.) சிறுநீரில் எவ்வளவு சோடியம் வருகிறது என்று பார்க்கும் புது வழிக்கு இரண்டு மணி நேரம் போதும். “தாத்தா, இப்ப ஒரு தடவ முழுசா போயிடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போறதத்தான் புடிக்கணும்” என்று சிஸ்டர் சொல்வதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பழையது கலந்துவிட்டால் கணக்கு கெட்டது.

குப்பி லேபுக்குள் நுழைகிறது. வாங்க, எட்டிப் பார்ப்போம்! மேஜைமேல் எலக்ட்ரோலைட் அனலைசர். மெல்லிய குழாய் ஒன்று மூக்கை நீட்டி, ஒரு வாய் உறிஞ்சி, விருட்டென்று உள்ளே போய்விடுகிறது. உள்ளே சோடியத்துக்கென்றே ஒரு மின்முனை. சோடியம் ஏற ஏற, மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் மாறும். பல சின்னக் கருவிகளில் சிறுநீரை அப்படியே வைக்கக் கூடாது. நீர்த்துவிட்டு, மெனுவில் ‘யூரின்’ என்று மாற்ற வேண்டும். மறந்தால் திரையில் வருவது ரிசல்ட் அல்ல, காமெடி.

முன்பெல்லாம் இந்த வேலையை ஃப்ளேம் ஃபோட்டோமீட்டர் செய்தது. மாதிரியைத் தூவியதும் நீலச் சுடர் குப்பென்று மஞ்சளாகும். அலைநீளம் 589 நானோமீட்டர், பழைய சோடியம் தெருவிளக்கின் அதே மஞ்சள். மூத்திரம் இத்தனை அழகாக எரிந்ததைப் பார்க்காத தலைமுறையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

கிர்ரென்று சீட்டு வருகிறது. லிட்டருக்கு 50 முதல் 70 மில்லி ஈக்விவலென்ட்டுக்குக் கீழே என்றால் மருந்து போதவில்லை, டோஸை இரட்டிப்பாக்கு என்கிறது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி. எண் குறைவாக வருபவர்களுக்குப் பின்னாலும் தொல்லை அதிகம்: சிறுநீரகம் கெடுவது, திரும்ப அட்மிஷன், மரணம். ரத்தத்தில் சோடியம் பார்த்தால் இது தெரியாது. உடம்பு முழுக்க உப்பு தேங்கியிருக்கும்போதே ரத்தச் சீட்டில் சோடியம் குறைவாகக் காட்டலாம்!

அப்படியானால் இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்றினால் ஆள் பிழைப்பாரா? நெதர்லாந்தின் குரோனிங்கனில் இதயத் தளர்ச்சியோடு சேர்ந்த 310 பேரிடம் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். முதல் 24 மணி நேரத்தில் வெளியேறிய சோடியம், வழக்கமான சிகிச்சையில் 345 மில்லிமோல், எண்ணைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு 409. உப்பு கரைந்தது உண்மை. ஆனால் 180 நாளில் இறந்தவர்களையும் இதயத் தளர்ச்சியால் மறுபடி சேர்ந்தவர்களையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் 31 சதவீதம். எண் நிலைமையைப் புட்டுப்புட்டு வைக்கிறது, விதியை மாற்றியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. ஆனாலும் விடியும்வரை காத்திருப்பதைவிட இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொள்வது மேல் என்பது என் கட்சி.

குரோனிங்கனில் 2, 6, 12, 18, 24, 36-ஆம் மணி என்று குப்பி பிடித்திருக்கிறார்கள். இந்த அட்டவணையை நம்ம ஊர் நைட் டியூட்டி சிஸ்டரிடம் நீட்டிப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று!