விரல் நுனியில் 200, ரிப்போர்ட்டில் 5.5!
சர்க்கரைச் சோதனையை ஏமாற்றும் அபூர்வ ரத்தம்

திருநின்றவூரில் காலை மின்சார ரெயிலில் ஏறினால், ஆவடி வருவதற்குள் யாராவது ஒருவர் "உங்களுக்கு சுகர் எவ்வளவுங்க?" என்று கேட்டு விடுகிறார். கேட்காமல் என்ன செய்வார்? நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ம் ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறியது.

ஆனால் பதிலாகச் சொல்லும் எண், சிலர் விஷயத்தில் பொய்யாக இருக்கலாம்! லேப்காரர் தப்பு செய்யவில்லை. மெஷினும் பழுதில்லை. ரத்தத்தின் பிறவிக் குணமே காரணம்.

மூன்று மாதக் கணக்கு

டாக்டர் சீட்டில் "எச்.பி.ஏ.1.சி." என்று எழுதுகிறாரே, அந்தச் சோதனைதான் இது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதில் ஒட்டிக் கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், 2, 3 மாதச் சராசரி தெரிந்து விடும்.

5.7-க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்ற முடியாது!

1968-ல் இதை வெளியிட்டவர் ஈரான் நாட்டு டாக்டர் சாமுவேல் ரஹ்பர். அபூர்வ ஹீமோகுளோபின் யாருக்கு இருக்கிறது என்று தேடப் போனவர், சர்க்கரை நோயாளிகளிடம் இந்த மாற்றத்தைக் கண்டார். இன்று அதே அபூர்வ ஹீமோகுளோபின்தான் இந்தச் சோதனையைக் குழப்புகிறது.

நீலகிரியில் 1952

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் அல்ல. "எஸ்" என்ற வகை நம் நீலகிரி மலைவாசிகளிடம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் 1952-லேயே எழுதினார்கள். "ஈ" வகை அசாம், வங்காளப் பக்கம் அதிகம். "டி" வகை பஞ்சாபில் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு எல்லா மாநிலத்துக்காரர்களும் வேலைக்கு வருகிறார்களே!

அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் இருந்து மட்டும் இது வந்திருந்தால், பெரும்பாலும் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பூசலார் நெஞ்சுக்குள் கட்டிய கோவிலைப் போல வெளியே தெரியாது.

ஏமாறுவது எப்படி?

சில மெஷின்கள் இந்த அபூர்வ வகையைத் தவறாகக் கணக்கில் சேர்க்கும், அல்லது விட்டு விடும். எண் கூடும், குறையும். வேறு முறையில் வேலை செய்யும் மெஷினில் சரியாக வரலாம்.

இருவரிடம் இருந்தும் வந்து ரத்த நோயாக இருந்தால் கதையே வேறு. சிவப்பணு சீக்கிரம் செத்து விடும். சர்க்கரை ஒட்ட நேரம் இல்லை. எந்த மெஷினிலும் எண் குறைவாகத்தான் வரும். ரத்தம் ஏற்றிக் கொண்டவர்களுக்கும் கணக்கு தப்பலாம். இரும்புச் சத்து குறைந்தால் எண் கூடலாம்.

உயிருக்கே ஆபத்து

எண் குறைவாக வந்தால், "சுகர் போயிடுச்சு" என்று மாத்திரையை விட்டு விடுவார்கள். கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெடும். எண் பொய்யாகக் கூடினால் மாத்திரை, ஊசி கூடும். சர்க்கரை இறங்கி, வியர்த்து, ரோட்டிலேயே மயங்கி விழ நேரும்.

கண்டுபிடிப்பது எப்படி?

7 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154. 8 என்றால் 183. வீட்டு மெஷினில் விரல் நுனி ரத்தம் அடிக்கடி 200 காட்ட, ரிப்போர்ட் 5.5 என்றால் சந்தேகப்படுங்கள். லேப் மாறியதும் எண் தாவினாலும், 15-க்கு மேல் போனாலும் அப்படியே.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டு கணக்கையும் எடுத்துக் கொண்டு டாக்டரிடம் போய், "என் ஹீமோகுளோபின் என்ன வகைன்னு பார்க்கணுமா?" என்று கேளுங்கள். அதற்குத் தனி ரத்தச் சோதனை இருக்கிறது. சாப்பிடும் முன்பும் பின்பும் எடுக்கும் பழைய சோதனை இவர்களுக்குக் கைகொடுக்கும். 2, 3 வார சராசரி சொல்லும் "பிரக்டோசமின்" சோதனையும் உண்டு.

வகை தெரிந்து விட்டால் மருத்துவச் சீட்டில் எழுதி வையுங்கள். பிறவிக் குணம் மாறாது. பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம்; அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்!