எதை எழுதுறதுன்னு தெரியலையா? உங்களை யாராவது கேட்கட்டும்

இந்த வார எபிசோடை திருவண்ணாமலையில, ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டுல ஒரு ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல மயில் அகவுற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, இந்த ஏரியாவுல அது சகஜம்.

இன்னைக்கு பேசப்போறது பிராம்ப்ட் பத்தி. என் வேலையில பிராம்ப்ட்னா இப்போ ஒரே அர்த்தம்தான், நாம மெஷினுக்குக் கொடுக்கிறது. நாலு வார்த்தை டைப் பண்ணினா சில செகண்டுல ஒரு கவிதை வந்து நிக்குது. எழுதுறவங்க உலகத்துல இந்தச் சொல்லோட திசையே வேற. அங்கே பிராம்ப்ட் நமக்கு வரும், எழுத வேண்டியது நாம.

இது தமிழுக்குப் புதுசு இல்லை. 1965-ல வந்த ‘திருவிளையாடல்’ படத்துல நாகேஷ் பண்ணின தருமியை நிறைய பேருக்குத் தெரியும். அதுல அந்த அரசனோட அறிவிப்பை மட்டும் எடுத்துக்கோங்க. பெண்களோட கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? சந்தேகத்தைத் தீர்க்கிற பாட்டுக்கு ஆயிரம் பொன். தலைப்பு, பரிசு, தப்பு கண்டுபிடிக்க ஒரு நக்கீரர், எல்லாமே இருக்கு. அதுக்கப்புறம் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்ற வழக்கம் இருந்தது. கடைசி அடியை ஒருத்தர் சொல்வார், அதுல போய் முடியுற மாதிரி மத்த அடிகளைப் புலவர் கட்டணும். இரட்டைப் புலவர்கள்னு ரெண்டு பேர். ஒருத்தருக்குக் கண் தெரியாது, இன்னொருத்தரால நடக்க முடியாது. ஒருத்தர் பாதிப் பாட்டைத் தொடங்கினா மத்தவர் முடிப்பார்னு சொல்வாங்க.

சரி, திருவண்ணாமலைக்கு வருவோம். ரமணர் 1896-ல இந்த ஊருக்கு வந்தவர், 1950-ல மறையுற வரைக்கும் வெளியூர் போகலை. ஆன்மிகத்தைத் தள்ளி வச்சுட்டு, அவரை எழுதின ஒரு ஆளா மட்டும் பாருங்க. எழுதணும்னு அவருக்குத் திட்டமே கிடையாது. ஆனா பாட்டு, வெண்பா, கீர்த்தனை எல்லாம் இருக்கு. எப்படி? பெரும்பாலும் யாரோ ஒருத்தர் வந்து கேட்டிருக்காங்க.

தேவை கேட்டது

விரூபாட்ச குகையில இருந்த காலத்துல, கூட இருந்தவங்க ஊருக்குள்ள பிச்சைக்குப் போவாங்க. போகும்போது பாட தங்களுக்குன்னு ஒரு பாட்டு வேணும்னு கேட்டாங்க. அப்படி வந்ததுதான் ‘அருணாசல அட்சரமணமாலை’. மொத்தம் 108 கண்ணி, முதல் எழுத்துகள் அகர வரிசையில போகும். கிரிவலம் போற வழியிலேயே இதைப் பாடினார்னு வாழ்க்கை வரலாற்றுல இருக்கு. அடுத்த கண்ணி எந்த எழுத்துல தொடங்கணும்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு. தெருவுல பாடுறதுக்கு ஆளும் காத்திருக்கு.

அம்மா கேட்டது

இன்னொரு நாள் அம்மா அழகம்மாள் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டாங்க. அவர் அப்பளம் இடலை, ‘அப்பளப் பாட்டு’ எழுதிக் கொடுத்தார். அதுல சமையல் குறிப்பு வரிசையா வருது. ‘நான்’ங்கிற அகந்தைதான் உளுந்து. ‘நான் யார்’ங்கிற விசாரணைதான் அதை உடைக்கிற திரிகை. பிரண்டைச் சாறு, நல்லவங்களோட சேர்க்கை. சீரகமும் மிளகும், மனசையும் புலனையும் அடக்குறது. பெருங்காயம், உள்ளே இருக்கிற நல்ல வாசனை. இங்கே ‘வாசனை’ங்கிற சொல்லைக் கவனிங்க. மூக்குக்கு வர்றதும் வாசனை, மனசுல படிஞ்ச பழக்கமும் வாசனை. பெரிய தத்துவத்துக்காக அவர் தனியா உவமை தேடலை. கண்ணு முன்னாடி அடுப்படியில இருந்த சாமானையே எடுத்துக்கிட்டார்.

பாதியில நின்னது

1915-ல ஜகதீச சாஸ்திரி ஒரு சமஸ்கிருத சுலோகத்துக்கு முதல் சில சொற்களை எழுதிட்டு, மேலே போக முடியாம நின்னார். அதே சொற்கள்ல தொடங்கி ரமணர் முழு சுலோகத்தையும் எழுதிட்டார்.

முருகனார்னு ஒரு தமிழாசிரியர். இந்த வேலையில அவர் பெரிய கில்லாடி. தாருகாவன முனிவர்கள் கதையை உந்தீபற மெட்டுல எழுதிட்டு வந்தவர், சிவன் உபதேசம் பண்ற இடம் வந்ததும், ‘இதை நீங்கதான் சொல்லணும்’னு ரமணர்கிட்ட விட்டுட்டார். 1927-ல ‘உபதேச உந்தியார்’ 30 பாட்டும் அப்படித்தான் வந்தது. அடுத்த வருஷம் வந்த ‘உள்ளது நாற்பது’க்கும் கேட்டவர் அவர்தான். நாற்பதுங்கிற கணக்கு முன்னாடியே இருக்கு, அதை நிரப்பணும்.

திருப்பிப் போட்டது

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. ஒரு சித்ரா பௌர்ணமி அன்னைக்கு விருந்து சாப்பிட்டு எல்லாரும் வயிறு சரியில்லைன்னு முனகிட்டு இருந்தாங்க. ஔவையார் பாட்டு ஒண்ணு இருக்கு, வயித்தோட தொல்லையைப் பத்தி மனுஷன் புலம்புற மாதிரி. அந்தப் பேச்சு வந்ததும் ரமணர் அதே பாணியில இன்னொரு வெண்பா எழுதினார். இந்தத் தடவை பேசுறது வயிறு. உன்னோட எனக்கு ஓய்வே இல்லையேன்னு அது மனுஷன் மேல புகார் சொல்லுது.

‘ஆன்ம வித்தை’ கீர்த்தனையும் இதே மாதிரி. கோபாலகிருஷ்ண பாரதியோட நந்தனார் கீர்த்தனை ஒண்ணு ‘கடினம்’னு சொல்றதை, இது ‘சுலபம்’னு திருப்பிச் சொல்லுது. பல்லவியும் அனுபல்லவியும் முருகனார், சரணங்கள் ரமணர்.

விதிவிலக்கு உண்டான்னு கேட்டா, உண்டு. ‘அருணாசல பதிகம்’, ‘அருணாசல அஷ்டகம்’ ரெண்டும் யாரும் கேட்காம தானாவே வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். உள்ளே இருந்து வர்றதும் நடக்கும். அது வரலைங்கிறதுக்காகப் பேனாவை மூடி வைக்க வேண்டியதில்லை.

இது ஏன் வேலை செய்யுது?

என் தொழில் பாஷையில சொல்றேன். ‘ஏதாவது எழுது’ன்னு சொன்னா தேட வேண்டிய இடத்துக்கு எல்லையே இல்லை, அதனால சிஸ்டம் ஹேங் ஆகுது. ‘ஒரு அப்பளத்தைப் பத்தி, அம்மாவுக்குப் புரியுற மாதிரி’ன்னு சொன்னா, முதல் வரிக்கான சாய்ஸ் பத்தோ பதினைஞ்சோதான். மூளை உடனே வேலையைத் தொடங்கிடும்.

ரெண்டாவது காரணம், காத்திருக்கிற ஆள். நெட்ல கிடைக்கிற ‘365 பிராம்ப்ட்’ லிஸ்ட்டை டவுன்லோடு பண்ணிட்டு, நாலாவது நாள் மறந்துடுறோம். அந்தப் பிடிஎஃப் நம்மகிட்ட ‘எழுதினியா?’ன்னு கேட்காது. முருகனார் கேட்டார். அதனாலதான் மெஷின் எழுதித் தர்ற கவிதையில எனக்குக் குறையா தெரியுறது அழகு இல்லை. அதுல ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் யோசிச்சுக் கொடுத்த உறவு இல்லை. மெஷினையே உங்களைக் கேட்க வைக்கலாம், அதுல தப்பில்லை. பதிலை மட்டும் நீங்க எழுதுங்க.

இந்த வாரத்துக்கு நாலு பிராம்ப்ட்

ஒண்ணு. ரமணாசிரமத்துல லட்சுமிங்கிற பசுவோட சமாதி இருக்கு. பக்கத்துல ஒரு மான், ஒரு காக்கை, ஜாக்கிங்கிற நாய், இவங்களுக்கும் சமாதி உண்டு. காக்கைக்குச் சமாதி கட்டின நாளை இன்னொரு காக்கை சொல்ற மாதிரி ஒரு பக்கக் கதை.

ரெண்டு. 1948-ல லட்சுமி இறந்தப்போ ரமணர் எழுதின வெண்பாவுல வருஷம், மாசம், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் வரும். உங்க வாழ்க்கையில ஒரு தேதியை எடுத்து நாலு வரி எழுதுங்க. சோகம், சந்தோஷம் மாதிரி உணர்ச்சிச் சொல் ஒண்ணுகூட வரக் கூடாது.

மூணு. பௌர்ணமி ராத்திரி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, கூட்டம் முழுக்க ஒரே திசையில போகுது. எதிர்த்திசையில ஒருத்தர் வர்றார். ஏன்னு கடைசி வரி வரைக்கும் சொல்லாதீங்க.

நாலு. ஒரு நண்பருக்கு நீங்க முடிக்க முடியாத ரெண்டு வரியை அனுப்புங்க. முடிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. அவர்கிட்ட இருந்தும் ரெண்டு வரி வாங்குங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ளன்னு கெடு வச்சுக்கோங்க.

நாலுல ஒண்ணு போதும். எழுதினதை முதல்ல அந்த நண்பருக்குப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சிலதை வாசிக்கிறேன்.